மறுதாம்பு

விழுந்து கிடக்கும் மாட்டின் கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் வேலை. ரத்தம் குறைந்த மாட்டுக்கு இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கும். மூச்சுத் திணறுகிற மாட்டுக்கு நீலம் பாரித்திருக்கும். 1995ஆம் வருடம் ஐப்பசியில், பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு கொட்டாயில் நான் புரட்டிய இமை செம்பருத்திப் பூப்போலச் சிவந்திருந்தது. மாடு காற்றுக்கு அலைகிறது, வாயில் நுரை தள்ளுகிறது, நான்கு கால்களும் விறைத்து வெட்டி இழுக்கின்றன. இமையில் மட்டும் நல்ல மாட்டுக்குக்கூட இல்லாத சிவப்பு.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இடது விலாக்குழி லேசாக எழும்பியிருந்ததைப் பார்த்து வயிற்று உப்புசம் என்று முடிவு கட்டிவிட்டேன். ட்ரோக்கார் குத்தினேன், வாயு வந்தது, மாடு எழவில்லை. கால்மணி நேரத்தில் கண் நிலைகுத்திவிட்டது.

நான் வந்து இறங்கியதிலிருந்தே பெரியவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "சார், சோளக்கொல்லையில பூந்துடுச்சி சார். அறுத்த தாம்பு இப்பதான் தழைஞ்சி நிக்குது." நான் மாட்டைப் பார்த்தேனே தவிர, அவர் கை காட்டிய கொல்லையைப் பார்க்கவில்லை. காரணம் முழுக்க அந்தக் கொல்லையில்தான் நின்றுகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக, மாட்டுக்கு நாக்கில் நீர் ஊறும்படி தழைத்திருந்த மறுதாம்புச் சோளம்.

இன்னொரு மாடு தள்ளாடியபடி நின்றிருந்தது. அதன் காது நரம்பில் ஊசி குத்தினேன். சொட்டிய ரத்தம் குங்குமத்தைக் கரைத்துவிட்டாற்போல் இருந்தது. படித்த பக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருந்து சோடியம் தயோசல்பேட். என் பையில் இல்லை, மருந்தக அலமாரியிலும் இல்லை. பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. படம் கழுவ அவர்கள் வைத்திருக்கும் ஹைப்போ உப்பும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு மூத்த மருத்துவர் சொல்லிக் கேட்டிருந்தேன். வண்டியை விரட்டிப் போய் அரை கிலோ வாங்கிவந்தேன். ஒரு பங்கைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பஞ்சில் வடிகட்டிக் கழுத்து நரம்பில் ஏற்றினேன். இன்னொரு பங்கைத் தண்ணீரில் கலக்கி மூங்கில் குழாயால் வாயில் புகட்டினேன். இன்றைக்கு ஓர் இளம் மருத்துவர் அப்படிச் செய்தால் நானே கடிந்துகொள்வேன். அன்று வேறு வழி இல்லை. அந்த மாடு பிழைத்தது. என் உப்பால் பிழைத்ததா, குறைவாகத் தின்றதால் பிழைத்ததா என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. செத்த மாடு சினை மாடு.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த மாட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் அது மேய்ந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். தருமபுரி மாவட்டத்தில் முப்பது வருடம் அப்படிச் சுற்றியதில் மாட்டைப் பற்றிக் கற்றதைவிடச் செடியைப் பற்றிக் கற்றதுதான் அதிகம். ஓட முடியாத, கத்த முடியாத ஒன்று தன்னைத் தின்ன வருகிற வாயை எப்படி எதிர்கொள்கிறது என்பதை அந்த வாயின் பக்கமிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்கள் தொழிலுக்குத்தான் இருக்கிறது.

சோள இலையில் விஷம் தயாராக இருப்பதில்லை. இதைச் சொன்னால் மாட்டைப் பறிகொடுத்தவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான். இலையின் மேல்தோல் உயிரணுக்களில் துரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. அதை உடைக்கிற நொதி உள்சதை உயிரணுக்களில் இருக்கிறது. அதுவும் தனியாகச் சாதுதான். தீக்குச்சியும் பெட்டியின் பக்கவாட்டில் பூசிய மருந்தும்போல இரண்டும் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பல் பட்டு இலை நசுங்கும்போது உரசிக்கொள்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அதாவது விஷத்தைத் தயாரிக்கும் கடைசி வேலையைச் செய்வது மாட்டின் கடைவாய்ப்பல். செடி தன் உடம்பிலேயே நஞ்சை வைத்துக்கொண்டு தான் சாகாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1902இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். சோளத்துக்கு அரபியில் துரா என்று பெயர், அதிலிருந்து வந்தது துரின்.

குதிரை தின்றால் அதன் இரைப்பை அமிலம் அந்த நொதியைக் கொஞ்சம் அடக்கிவிடும். மாட்டின் முதல் வயிறு அப்படியில்லை. அங்கே அமிலம் குறைவு. கோடானுகோடி நுண்ணுயிர்கள் வேறு, செடி பாதியில் விட்ட வேலையை அவை முடித்துக் கொடுக்கின்றன. 300 கிலோ எடையுள்ள மாட்டைச் சாய்க்க முக்கால் கிராம் சயனைடு போதும். அது ரத்தத்தில் கலந்ததும் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனை இழக்கிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும், எடுத்துக்கொள்ள ஆள் இருக்காது. அதனால்தான் அந்தச் சிவப்பு. நாங்கள் கொடுக்கும் சோடியம் நைட்ரைட், ரத்தத்தின் ஒரு பங்கை வேண்டுமென்றே மாற்றிப் பழுப்பாக்குகிறது. மாறிய அந்த ரத்தம் சயனைடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தயோசல்பேட் தன் கந்தகத்தைக் கொடுத்து அதைத் தயோசயனேட்டாக மாற்ற, மாடு அதைச் சிறுநீரில் கழித்துவிடும். நைட்ரைட்டின் அளவு கூடினால் அதுவே கொல்லும். முதல்முறை கை நடுங்கியது.

அந்தச் சினை மாடு செத்த அடுத்த வருடம், சயனைடு பட்டால் நிறம் மாறுகிற பிக்ரேட் தாள் செய்யக் கற்றுக்கொண்டேன். வடிதாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பிக்ரிக் அமிலமும் சலவைச் சோடாவும் கரைத்த நீரில் நனைத்து நிழலில் உலர்த்தினால் நல்ல மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஒரு மருந்துப் புட்டியில் கசக்கிய இலையைப் போட்டு, இரண்டு சொட்டு குளோரோபாம் விட்டு, தாள் இலையில் படாமல் தொங்கும்படி தக்கையில் செருகி மூட வேண்டும். ஒரு சித்திரையில் இண்டூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று புட்டிகளை வரிசையாக வைத்தேன். ஒன்றில் இருபத்தைந்து நாள் பயிரின் நுனி இலை. ஒன்றில் தண்ணீரின்றிச் சுருண்டு நின்ற மறுதாம்பின் இலை. ஒன்றில் கதிர் வாங்கிய தட்டின் இலை. தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தாறு நிமிடத்தில் மறுதாம்புப் புட்டியின் தாளில் கீழ்முனை ஆரஞ்சாகத் தொடங்கி, ஏறி ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தது. இளம்பயிரின் தாள் அதைத் தொடர்ந்தது. கதிர் வாங்கியதன் தாள் கடைசிவரை மஞ்சளாகவே இருந்தது. ஒரு பாட்டி மூன்று புட்டிகளையும் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாரு இதத்தானப்பா சொல்லுவாரு, கதிரு தலைகாட்டாம மாட்ட உடாதன்னு" என்றார். என் புட்டி புதிதாக எதையும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

பாட்டியின் அப்பா சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. செடி இளசாக இருக்கும்போது ஒரே கடியில் மொத்தமும் போய்விடும், அதனால் நஞ்சை அப்போதுதான் அதிகம் சேர்த்துவைக்கிறது. அறுத்தபின் தழைக்கிற தாம்பும் குழந்தைதான். மழை பொய்த்து வளர்ச்சி நின்றுபோனால், வளர்வதற்குச் செலவாக வேண்டிய சத்து துரினாகத் தேங்குகிறது. யூரியா போட்டபின் மழை வராவிட்டால் இன்னும் கூடும். விதையில் மட்டும் இது கிடையாது, முளைவிட்ட பிறகுதான் உருவாகிறது. சோளச்சோறும் களியும் உண்டு வளர்ந்த நாம் பயப்பட ஒன்றுமில்லை.

இந்த நஞ்சு பூச்சியையும் தடுக்குமா என்ற சந்தேகம் விஞ்ஞானிகளுக்கே நெடுநாள் இருந்தது. டென்மார்க்கில் சோளத்தின் மூன்று மரபணுக்களை எடுத்துக் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் புகுத்தினார்கள். துரின் செய்யக் கற்றுக்கொண்ட அந்தச் செடியை, அதை வழக்கமாகத் தின்னும் தத்துவண்டு தொட மறுத்தது. 2001இல் வெளியான ஆய்வு. அதைப் படித்த இரவில் எனக்கு அந்தச் சினை மாட்டின் நினைவுதான் வந்தது. வண்டுக்காக வைத்த பொறியில் மாடு விழுந்திருக்கலாம். சோளத்துக்கு இரண்டும் வாய்தான்.

பூஞ்சை விஷயம் வேறு. அதற்குப் பல் இல்லை. இலைக்குள் இழை விட்டு நுழையும். சோளக்கொல்லையில் நடந்தால் இலைகளில் ரத்தம் தெளித்தாற்போலச் செம்புள்ளிகளைப் பார்க்கலாம். அது நோயின் நிறம் என்றே நான் பல காலம் நினைத்திருந்தேன். அது செடியின் நிறம். பூஞ்சை எந்த உயிரணுவைத் துளைக்கிறதோ அந்த உயிரணு செந்நிறப் பொருளைச் சிறுசிறு உருண்டைகளாகத் திரட்டி, துளை விழுகிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொட்டி, பூஞ்சையோடு தானும் மடிகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்னைடர், நிக்கல்சன் என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து 1990இல் எழுதினார்கள். எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. இலையில் வளையம் வளையமாகப் புள்ளி போடும் ஒரு பூஞ்சை, சயனைடு வெளிவந்ததும் அதை ஃபார்மமைடாக மாற்றித் தீங்கில்லாததாக்கிவிடுகிறது. நான் புட்டி புட்டியாக ஹைப்போ ஏற்றிச் செய்த வேலையை அந்தப் பூஞ்சை பிறவியிலேயே கற்றுவைத்திருக்கிறது.

மாட்டுக்கும் அப்படிச் சொந்தமாக ஏதும் இல்லையா? இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவை ஆலம்பாடி மாடுகள். ஒகேனக்கல், பென்னாகரம் மலைக்காடுகளில் பட்டி போட்டு மேய்க்கிற இனம் அது. ஒருநாள் முழுக்க ஒரு மந்தையின் பின்னால் நடந்தேன். நெட்டைக் கால்களோடு அவை நடந்துகொண்டே மேய்ந்தன. இந்தச் செடியில் ஒரு வாய், அந்தப் புதரில் இரண்டு வாய், பிறகு புல். ஒரே செடியில் நின்று வயிறு நிரப்பிய மாட்டை நான் பார்க்கவில்லை. மேய்த்தவரிடம் கேட்டேன். "அதுக்குத் தெரியும் சார். பசியோட கட்டிவெச்சி அவுத்து உட்டாத்தான் தெரியாது" என்றார். கல்லீரலில் உள்ள ஒரு நொதி, கொஞ்சம் கொஞ்சமாக வருகிற சயனைடைத் தன் கையிருப்புக் கந்தகத்தைக் கொண்டே முறித்துவிடும். அதற்கு வேண்டியது நேரம். காலை முழுக்கக் கட்டுத்தறியில் காய்ந்த கலப்பின மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கொல்லையில் பாய்ந்து பத்து நிமிடத்தில் வயிறு முட்டத் தின்றால் அந்த நேரம் கிடைப்பதில்லை. நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை அறுந்த கயிற்றோடு வந்தவை.

சூபாபுல் தழையும் அப்படியொரு பாடம் சொன்னது. அதில் உள்ள மைமோசின் முடியை உதிர்க்கும், தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் அவதிப்பட்டன. ஹவாய் தீவில் ஆடுகள் அதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், வித்தியாசம் ஆட்டின் வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவில் இருக்கிறது என்று கண்டு, அந்த வயிற்று நீரை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார். 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். செடியின் நஞ்சுக்கு மாற்று, வயிற்றுக்குள் குடியிருக்கும் வேறொரு உயிரிடம் இருந்தது.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்கு மாற்றலானபோது சோளம் குறைந்து மரவள்ளி வந்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி ஏக்கர் ஏக்கராகக் குச்சி நடுகிற பகுதி. மரவள்ளியும் சோளத்தைப் போலத்தான். லினமரின் ஓர் அறையில், நொதி இன்னோர் அறையில். கிழங்கைப் பிடுங்கும் நாளில் கொழுந்துத் தழையை வெட்டி வரப்பில் குவிப்பார்கள். அந்தக் குவியலுக்குத்தான் ஆடுகள் வரும். சேலம் கருப்பு ஆடுகள் ஏழு ஒரே வரப்பில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏழில் இரண்டை எழுப்ப முடிந்தது. ஆட்டுக்காரப் பெண் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. செத்த ஆடுகளின் வாயில் ஒட்டியிருந்த தழையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கசப்பு வாதுமை வாடை அடிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. என் மூக்குக்கு அது தெரியாது, பிறவியிலேயே பலருக்குத் தெரியாது. என்னோடு வந்த கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் ஆட்டின் வாயருகே குனிந்ததுமே தலையாட்டினார்.

ஆலையில் அரைத்துப் பாலெடுத்தபின் மிஞ்சும் திப்பியை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் மாட்டுக்குக் கொடுக்கலாம். அரைக்கும்போதே நஞ்சு பிறந்து, நீரிலும் காற்றிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் அந்த நீர் தேங்குகிற பள்ளத்தில் ஆடுமாடுகளை விடக் கூடாது. இதை நான் சொல்லாத ஊர்க் கூட்டம் இல்லை.

2020க்குப் பிறகு மரவள்ளிக் கொழுந்துகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றன. வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. "ஆட்டக் கொல்ற செடி, இந்தப் பூச்சிய ஏன் சார் உடுது?" என்று ஒரு விவசாயி கேட்டார். நல்ல கேள்வி. மாவுப்பூச்சி கடித்து அரைப்பதில்லை, ஊசிபோன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. அறைகள் நசுங்குவது குறைவு. தீக்குச்சி உரசப்படுவதில்லை. ஆனால் மரவள்ளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. மாவுப்பூச்சி ஏறிய செடியிலிருந்து ஒரு வாசம் கிளம்புகிறது என்றும், அந்த வாசத்தைப் பிடித்து ஒரு குட்டிக் குளவி வந்து சேர்கிறது என்றும் 1980களிலேயே ஆய்வில் கண்டிருந்தார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். அதன் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களின் கிழங்கை இதே குளவியை விட்டுத்தான் மீட்டார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரென் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். நம் ஊரில் செடி கூப்பிட்டும் வர ஆள் இல்லை, ஏனென்றால் பூச்சி வந்த நாட்டிலிருந்து குளவி வரவில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து வளர்த்து, 2022இல் சேலம் மாவட்டத்தில் வெளியே விட்டது. என் துறை இல்லைதான். ஆனாலும் செய்தியைப் படித்ததும் அந்த விவசாயியைத் தேடிப்போய்ச் சொன்னேன்.

எல்லாச் செடியும் உடனே கொல்வதில்லை. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. தைக்குள் காட்டோரத்தில் பச்சையாக மிஞ்சியது உண்ணிமுள் ஒன்றுதான். எங்கிருந்தோ அழகுக்கென்று கொண்டுவந்து நட்ட செடி, இன்று நம் காடு முழுக்க இருக்கிறது. வழக்கமாக மாடு அதை முகர்ந்துவிட்டு விலகும். அந்த வருடம் விலகவில்லை. கறுப்பும் வெள்ளையுமான ஒரு கலப்பின மாட்டை என்னிடம் ஓட்டிவந்தார்கள். உடம்பில் வெள்ளை இருந்த இடமெல்லாம் தோல் வெந்து, காய்ந்த வாழைப்பட்டையாக உரிந்திருந்தது. கறுப்பு இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கோடு கிழித்தாற்போல் எல்லை. உண்ணிமுள்ளின் நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. தின்ற பச்சையம் வயிற்றில் சிதைந்து உண்டாகும் ஒரு கழிவைப் பித்தத்தில் தள்ளுவது ஈரலின் வேலை. ஈரல் கெட்டால் அது தோலுக்கு வருகிறது. வெயில் பட்டதும் எரிகிறது. பகலெல்லாம் இருட்டுக் கொட்டகையில் கட்டி, கரித்தூள் கரைத்துப் புகட்டினோம். இரண்டு மாதம் ஆயிற்று தோல் மூட. தீவனம் இல்லாத அந்த வீட்டில் நான் எந்த வாயால் உண்ணிமுள்ளில் விடாதீர்கள் என்று சொல்வது? சொன்னேன். சொல்லும்போது கூசியது.

இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ எஃப்.எஸ். 29 போன்ற பல அறுப்புத் தீவனச் சோளம் இங்கே பரவியிருக்கிறது. நஞ்சு குறைவு என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள், உண்மைதான். முதல் அறுப்பு 65ஆம் நாள், பிறகு 50 நாளைக்கு ஒருமுறை. குறைவு என்பதை இல்லை என்று புரிந்துகொண்டு இருபதாம் நாள் தாம்பில் அரிவாளை வைப்பவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அந்த ரகத்தின் மேல் குறை இல்லை. ஆனால் நஞ்சைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மருந்தடிக்க வசதியில்லாத மானாவாரிக் கொல்லையில் சோளம் தன்னைத் தானேதான் காத்துக்கொள்கிறது. அதனிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு வண்டுக்கு என்ன பதில் சொல்வது?

போன ஆடியில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கன்றுக்கு ஊசி போடப் போனேன். கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் சிறு சிறு கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டியவை. என்னம்மா இது என்றேன். "சோளம் அறுத்த நாள்லருந்து சார். புள்ள பள்ளிக்கூடம் போறப்ப ஒண்ணு இழுத்துட்டுப் போவான்." எண்ணிப் பார்த்தேன். 38. கொட்டகைக்குப் பின்னால் தாம்பு இடுப்புக்கு மேல் வளர்ந்து காற்றில் சலசலத்தது. மாடு அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி நின்று, முன்னால் போட்டிருந்த காய்ந்த தட்டை மென்றுகொண்டிருந்தது. "இன்னும் பன்னெண்டு நாளு" என்று அதன் திமிலைத் தடவிச் சொன்னார் அந்த அம்மா.